வெக்கை வேறு, அனல் வேறு

“தம்பி, சூட்டை அளக்குறதுதானே உன் வேலை. ரெண்டுல எது நல்லதுன்னு நீயே சொல்லு.”

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அக்கா இப்படிக் கேட்டாள். ரெண்டு என்று அவள் சொன்னது இரண்டு வகைச் சவுனாக்களை. ஒன்று, கல்லைக் காயவைத்து அந்தச் சூட்டில் மர அறைக்குள் உட்காரும் பழைய ஃபின்லாந்து முறை. இன்னொன்று, இப்போது சிங்கப்பூர்க் கடைத்தொகுதிகளில் பார்க்கிற அகச்சிவப்புச் சவுனா. அக்காவுக்கு இடது தோள் ஓராண்டாக இறுகிக் கிடந்தது. பின்னல் போடக்கூடக் கை மேலே போகாது. அத்தானுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து மூன்று ஆண்டு ஆகிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து 20 தடவைக்கான பேக்கேஜ் ஒன்றை எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ‘பார்த்துச் சொல்கிறேன்’ என்று வைத்துவிட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை. சூட்டோடு தினமும் புழங்குகிற எனக்கே இது தெரியாதா என்று எம்ஆர்டி ரயிலில் போகும்போதும் வரும்போதும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

துவாஸ் பக்கம் ஒரு கட்டுமானத் தளத்தில் வேலையிடப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிறேன். 2023 அக்டோபரில் வந்த மனிதவள அமைச்சின் விதிப்படி, வெளியில் கடினமான உடலுழைப்பு செய்கிறவர்களுக்கு காற்றின் சூடு, ஈரம், வெயில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் டபிள்யூபிஜிடி அளவு 32 டிகிரியைத் தொட்டால் மணிக்கு 10 நிமிடமாவது ஓய்வு தரவேண்டும். 33ஐத் தொட்டால் 15 நிமிடம். அதனால் மணிக்கொரு தடவை முக்காலியில் நிற்கும் கருவியைப் போய்ப் பார்த்து எழுதிவைக்கிறேன். அந்தக் கருவிக்கு மூன்று தலை. ஒன்றில் ஈரத்துணி சுற்றியிருக்கும். ஒன்று கறுப்பு உருண்டைக்குள் இருக்கும். மூன்றாவது காற்றின் சூட்டை மட்டும் பார்க்கும். மூன்றுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. நூறு பங்கில் ஈரத்துணிக்கு 70, கறுப்பு உருண்டைக்கு 20, வெறும் காற்றுக்கு 10தான்.

புதிதாக வரும் தம்பிகளுக்கு முதல் வாரத்தில் இதை விளக்கவேண்டும். முதல் வாரம் அவர்களை வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கும் வாரமும்கூட. அறந்தாங்கியிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பெயர் எதற்கு? நம்மிடம் சொல் இருக்கிறது. ஈரத்துணி அளப்பது புழுக்கம். கறுப்பு உருண்டை அளப்பது அனல். வெறும் காற்று அளப்பது வெக்கை. இப்படிச் சொன்னதும் பிடித்துக்கொள்வார்கள். “புழுக்கந்தாண்ணே ஆளை அடிக்கும்” என்று ஒருவன் சொன்னான். 70 பங்கு ஏன் என்று அதற்கு மேல் விளக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை காயாது. வேர்வை காயாவிட்டால் உடம்பு ஆறாது. இந்த ஊரில் வாழ்கிற எல்லாருக்கும் இது தோலிலேயே தெரியும்.

தளத்தில் இவ்வளவு பிரித்துப் பேசுகிறவன், அக்கா கேட்டபோது மட்டும் சூடு என்றால் ஒரே சூடுதான் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவள் கேட்ட கேள்வியில் இரண்டு சூடு இருந்தது.

கடையில் ஒரு மாலை

அக்காவுக்கு ஒரு இலவச முறை கிடைத்திருந்தது, கூட ஒருவரை அழைத்துப் போகலாம் என்றார்கள். அத்தானுக்கு வேலை. நான் போனேன். தனி அறை, உள்ளே மரத்தடுப்பு, நான்கு பக்கமும் கறுப்புத் தகடுகள். சுவரில் இருந்த வெப்பமானி 50 டிகிரியைக் காட்டியது. முதல் பத்து நிமிடம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மூச்சு லேசாகத்தான் போய்வந்தது, காற்று நெஞ்சைச் சுடவில்லை. அப்புறம் முழங்கால், தோள், முதுகு என்று தகட்டைப் பார்த்திருந்த இடமெல்லாம் கதகதவென்று ஏறி, கால்மணி நேரத்தில் வேர்வை நூலாக இறங்கியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு இடது கையை மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்கு எங்கள் சித்தப்பா வீட்டு மார்கழி ஞாபகத்துக்கு வந்தது. கும்பகோணம் பக்கம் விடியற்காலையில் வைக்கோல் மூட்டம் போட்டுக் குளிர்காய்வார்கள். முகமும் உள்ளங்கையும் சுடும், முதுகு சில்லென்று இருக்கும். நடுவில் இருக்கும் காற்று குளிர்ந்தேதான் கிடக்கும். தணலிலிருந்து சூடு காற்றைத் தாண்டி நேரே ஆளிடம் வருகிறது. இடையில் யாராவது வந்து நின்றால் அவர் நிழலில் நமக்குக் குளிரும். அகச்சிவப்புக் கதிர் என்பது அதுதான். 1800ல் வில்லியம் ஹெர்ஷல் கண்ணாடிப் பட்டகத்தில் சூரிய ஒளியைப் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் பாதரசம் ஏறியது. அவருக்கு முன்பே மூட்டத்தைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் அனல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். காய்ந்த கல், காய்ந்த பலகை, உயிருள்ள மனித உடம்பு, எல்லாமே அகச்சிவப்பை வெளியிடுகின்றன. பழைய சவுனாவிலும் அனல் உண்டு. ஆனால் அங்கே 80 டிகிரி வெக்கை முன்னால் நிற்கிறது. இங்கே அனல்தான் பெரும்பாலும் வேலை செய்கிறது.

வெளியே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பலகையைப் பார்த்தேன். ஒரு இதயப் படம். வாரத்துக்கு நான்கு முறைக்கு மேல் சவுனாவில் உட்கார்ந்தால் திடீர் இதய மரணம் 63 சதவீதம் குறைகிறது என்று கொட்டை எழுத்தில். அக்கா அதற்கு முன்னால் நின்று கைப்பேசியில் படம் எடுத்தாள். “அத்தானுக்குக் காட்டணும்” என்றாள். அவள் பேக்கேஜ் எடுக்க நினைத்தது தன் தோளுக்காக மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று ஆண்டாக ராத்திரியில் அத்தானின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறவள் அவள். அந்த 63ஐ அவள் எப்படிப் படித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த 63 யாருடையது

அன்று ராத்திரி அந்த எண்ணைத் தேடி உட்கார்ந்தேன். கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. 2015ல் யாரி லவுக்கானனும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு. கிழக்கு ஃபின்லாந்தில் குவோப்பியோ வட்டாரத்து நடுவயது ஆண்கள் 2,315 பேரைச் சுமார் 20 ஆண்டு தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். வாரம் ஒரு முறை சவுனாவுக்குப் போனவர்களோடு ஒப்பிட்டால், 4 முதல் 7 முறை போனவர்களிடம் திடீர் இதய மரணம் 63 சதவீதம் குறைவு. எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணம் 40 சதவீதம் குறைவு. எண் சரிதான். பலகையில் பொய் எழுதவில்லை.

கீழே படித்துக்கொண்டே போனேன். அந்த ஆண்கள் உட்கார்ந்த சவுனாவின் சராசரி வெப்பம் 79 டிகிரி. கல்லைக் காயவைத்த சவுனா. ஃபின்லாந்தில் பிறந்து, சின்ன வயதிலிருந்தே அதில் உட்கார்ந்து பழகிய ஆண்கள். வாரம் 4 முதல் 7 முறை போன கூட்டத்தில் இருந்தவர்கள் 201 பேர்தான். இந்த ஆய்வு யாரையும் சவுனாவுக்கு அனுப்பிப் பார்க்கவும் இல்லை. தாமாகப் போனவர்களைக் கணக்கெடுத்தது. வாரம் நான்கு நாள் அந்த வெக்கையில் உட்காரத் தெம்பும் நேரமும் இருப்பவர் முதலிலேயே கொஞ்சம் நல்ல உடம்போடு இருந்திருக்கலாம். ஆய்வாளர்கள் புகைபிடித்தல், ரத்த அழுத்தம் போன்றவற்றையெல்லாம் கணக்கில் கழித்துத்தான் பார்த்திருக்கிறார்கள், ஆனாலும் இது காரணத்தை நிரூபிக்கிற வகை ஆய்வு இல்லை. அகச்சிவப்பு அறையில் உட்கார்ந்தவர்களை இப்படி 20 ஆண்டு தொடர்ந்த கணக்கு கிடையாது.

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் தளத்தில் ஒருவன் துவாஸில் எடுத்த அளவை ஈசூன் தளத்துப் புத்தகத்தில் எழுதினால் நான் விடமாட்டேன். அந்த அளவை நம்பித்தான் ஒரு மனிதனை வெயிலில் நிறுத்துகிறோம், நிழலுக்கு அனுப்புகிறோம். 79 டிகிரி வெக்கையில் எடுத்த கணக்கை 50 டிகிரி அனலுக்கு மேல் மாட்டிவைத்து, அதை ஸ்டென்ட் வைத்த ஒருவரின் மனைவி நின்று படமெடுக்கிறாள். கூடவே இன்னொரு சுவரில் கதிர் உடம்புக்குள் ஆழமாக இறங்கி நச்சை வெளியேற்றும் என்றும் எழுதியிருந்தார்கள். அந்தத் தகடுகளிலிருந்து வரும் தூர அகச்சிவப்பு தோலின் மேற்பரப்பிலேயே, ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது. அங்கிருந்து சூட்டை உள்ளே கொண்டுபோவது ரத்தம். வேர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். கழிவை வெளியேற்றுகிற வேலையைச் சிறுநீரகமும் கல்லீரலும் பார்க்கின்றன.

ஆனால் அகச்சிவப்புக்கென்று சொந்தமாக ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானில் ககோஷிமாவில் சூவா தேய் என்ற மருத்துவர் இதய பலவீன நோயாளிகளுக்காகவே ஒரு முறையை உருவாக்கினார். பெயர் வாவோன். 60 டிகிரி அகச்சிவப்பு அறையில் 15 நிமிடம், பிறகு போர்வை போர்த்தி 30 நிமிடப் படுக்கை, இழந்த தண்ணீரைக் குடித்து ஈடுகட்டுவது, எல்லாம் மருத்துவமனையில் ஆள் பக்கத்தில் இருக்க. சிறிய ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்தது. 2016ல் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த சோதனையில், முக்கியமாக எடுத்துக்கொண்ட ரத்தப் பரிசோதனை அளவில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் தெளிவான வித்தியாசம் வரவில்லை. இதை அந்தக் கடை எழுதிப்போட்டிருந்தால் நான் மதித்திருப்பேன். அது அவர்கள் சூட்டைப் பற்றிய கணக்கு.

மறுநாள் அக்காவுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் சத்தமில்லை. “சரி தம்பி” என்றாள். அப்புறம், “எனக்கு நேத்து ராத்திரி கை கொஞ்சம் மேல போச்சு. அதுவும் பொய்யா?” என்று கேட்டாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

ஆவி

செம்பவாங்கில் நண்பர் ஒருவரின் கொண்டோமினியத்தில் பழைய முறைச் சவுனா இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை போனேன். 82 டிகிரி. கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அறைந்தது. மூக்குத் துவாரம் காய்ந்தது, மோதிரம் விரலைச் சுட்டது. இவ்வளவு சூட்டில் மனிதன் வெந்துபோகாமல் உட்கார முடிவதற்குக் காரணம் காற்று வறண்டிருப்பதுதான். வேர்வை வந்த வேகத்தில் காய்ந்து உடம்பைக் காப்பாற்றுகிறது. பக்கத்திலேயே இருந்த நீராவி அறையில் 45 டிகிரிதான், ஆனால் நான்கு நிமிடத்தில் எழுந்துவிட்டேன். எங்கள் தளத்துத் தம்பி சொன்ன புழுக்கம் அங்கே முழு உருவத்தில் உட்கார்ந்திருந்தது.

கல்லடுப்புக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு: கல்லின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. மின்சார அடுப்பு கெட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள் போல. ஆனால் ஃபின்லாந்துக்காரர்களிடம் கேட்டால் அந்தத் தண்ணீர்தான் சவுனா. அகப்பையால் ஒரு கை நீரைக் கல்லின் மேல் வீசுகிறார்கள், சுரீரென்று ஆவி எழுந்து அறையைச் சுற்றி வருகிறது. வெப்பமானியில் பெரிதாக ஏறாது, ஆனால் தோலில் ஒரு அலை அடிக்கும். தோல் அந்தக் காற்றைவிடக் குளிர்ந்தது என்பதால் நீராவி அதன்மேல் படிந்து தண்ணீராகிறது, ஆகும்போது தான் சுமந்துவந்த சூட்டை அங்கேயே இறக்கிவைக்கிறது. அந்த எழும்பும் ஆவிக்கு அவர்கள் மொழியில் லோய்லு என்று பெயர். பழைய காலத்தில் அதே சொல்லுக்கு மூச்சு, உயிர் என்று பொருள் இருந்திருக்கிறது. இதைப் படித்த இடத்திலேயே நின்றுவிட்டேன். நமக்கும் ஆவி என்றால் அந்த இரண்டும்தானே. பானையிலிருந்து எழுவதும் ஆவி, உடலைவிட்டுப் போவதும் ஆவி. ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு ஊர்க்காரர்கள், ஒருவர் பனியிலும் ஒருவர் வெயிலிலும் இருந்துகொண்டு, நீர் மேலே எழுவதைப் பார்த்து ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள். 2020ல் யுனெஸ்கோ ஃபின்லாந்துச் சவுனாப் பண்பாட்டை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த நாட்டில் ஒரு காலத்தில் பிரசவமே சவுனாவில்தான் நடந்தது. எங்கள் அம்மா சளி பிடித்தால் நொச்சி இலையைப் போட்டுக் கொதிக்கவைத்து, போர்வையை மூடி வேது பிடிக்க வைப்பார். போர்வைக்குள் அம்மாவின் கையும் வந்து முதுகைத் தடவும். ஆவி பிடிக்கிறதென்றால் எனக்கு இன்றைக்கும் அந்தக் கைதான்.

அந்த வாரத்தில் இன்னொன்றும் செய்தேன். கெட்டிப்பால் டின் ஒன்றைக் கழுவி, விளக்குப் புகையில் காட்டி, மை எடுப்பதுபோலக் கரியேற்றினேன். உள்ளே சமையலறை வெப்பமானி ஒன்று, வெளியே நிழலாக இன்னொன்று. நண்பரின் சவுனாவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே ஏறின. அங்கே சுவரும் காற்றும் ஏறக்குறைய ஒரே சூடு. அக்காவோடு அடுத்த முறை அகச்சிவப்பு அறைக்குப் போனபோது வெளி வெப்பமானி 49ல் நின்றது, கரிப்பூசிய டின்னுக்குள் இருந்தது 61ஐத் தாண்டியது. கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த எண் அந்த அறையின் வெக்கை. அதன் அனலை அந்த வெப்பமானி பார்க்கவே இல்லை. ‘50 டிகிரிதானே, அதில் என்ன இருக்கிறது’ என்று முதல் நாள் நான் மனதுக்குள் நினைத்ததும் தவறுதான் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் டின்னை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இதெல்லாம் போகட்டும், உடம்புக்குள்ளே எவ்வளவு ஏறுகிறது? 2025ல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் இதை நேராகவே ஒப்பிட்டிருக்கிறார்கள். 20 பேரை, பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை 80 டிகிரிச் சவுனாவில், 45 நிமிடம் அகச்சிவப்பு அறையில், 45 நிமிடம் 40 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட வெந்நீர்த் தொட்டியில் என்று வெவ்வேறு நாளில் உட்காரவைத்தார்கள். உடலின் உள்வெப்பம் வெந்நீரில் சுமார் 1.1 டிகிரி ஏறியது. பழைய சவுனாவில் 0.4. அகச்சிவப்பில் ஏறவே இல்லை என்று சொல்லலாம். இரண்டு சவுனாக்களில் எது பெரிது என்று நான் குழம்பிக்கொண்டிருக்க, வெறும் வெந்நீர் இரண்டையும் தாண்டிப் போயிருக்கிறது. யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. தண்ணீருக்குள் வேர்வை காய வழியே இல்லை, சூடு உடம்பு முழுவதையும் கட்டிப்பிடிக்கிறது.

உள்வெப்பம் ஏறவில்லை என்பதால் அக்காவின் தோளுக்குப் பலன் இல்லை என்று ஆகிவிடாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் சில நாள் பிடித்தது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அவளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண்மணி முதலிலிருந்தே சொல்லிவந்தது ஒன்றுதான்: தோளைச் சூடாக்கிவிட்டு அப்புறம் நீட்டுங்கள். வீட்டில் ஒற்றடம் வைக்க அக்காவுக்குப் பொறுமை கிடையாது. பேரன் கூப்பிடுவான், குக்கர் கூப்பிடும். அந்த அறையில் அரைமணி நேரம் யாரும் கூப்பிடுவதில்லை. 82 டிகிரியில் அவளை உட்காரவைத்தால் மூன்றாவது நிமிடம் மூச்சு முட்டி வெளியே வந்துவிடுவாள். இங்கே கதகதப்பில் உட்கார்ந்து கையை இருபது தடவை, முப்பது தடவை சுழற்ற முடிகிறது. அவள் தோளை இளக்கியது அதுதான் என்று நினைக்கிறேன். மூச்சுக்குச் சிரமம் தராத, வயதானவர்களும் தாங்கக்கூடிய அனல் என்பது அகச்சிவப்பின் உண்மையான பெருமை. அதைச் சொல்லியே அவர்கள் விற்கலாம். குவோப்பியோக்காரர்களின் 63ஐ இரவல் வாங்கவேண்டியதில்லை.

அத்தானை அவருடைய இதய மருத்துவரிடமே கேட்கச் சொன்னேன். போய்க் கேட்டார். நெஞ்சுவலி இல்லை, உடம்பு நிலையாக இருக்கிறது, குறைந்த நேரம் மிதமான சூட்டில் உட்காரலாம், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதால் எழும்போது மெதுவாக எழுங்கள், தண்ணீர் குடியுங்கள், வெளியே வந்ததும் பனிநீரில் இறங்கவேண்டாம் என்று சொன்னாராம். கடைசியாக, “பிடிச்சிருந்தா போங்க, இதயத்துக்குன்னு போக வேண்டாம். இதயத்துக்கு மாத்திரையும் நடையும் இருக்கு” என்றாராம். அக்கா அந்த வாரமே 20 முறையை 10 ஆக்கி, தன் பெயருக்கு மட்டும் எடுத்தாள்.

போன ஞாயிறு காலை மூன்று பேரும் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்குப் போனோம். அங்கே பூமியிலிருந்து 70 டிகிரியில் வரும் நீர், படிப்படியாக இறங்கி 40 டிகிரி அளவுக்கு ஆறிக் கால் நனைக்கும் குளத்துக்கு வருகிறது. ஏழு மணிக்கே வாளியும் முட்டையுமாக ஆட்கள் வந்துவிட்டார்கள். அத்தான் பாண்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு விளிம்பில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் நெற்றியில் வேர்வை அரும்பியது. “இது என்ன சூடு மச்சான்? வெக்கையா, அனலா?” என்று கேட்டார். ரெண்டும் இல்லை, வெந்நீர் என்றேன். அக்கா பக்கத்தில் நின்றபடி கொண்டையை அவிழ்த்து, இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், திரும்பப் பின்னிக்கொண்டிருந்தாள்.